ரீகனின் கொள்ளுத்தாத்தாவும் எங்க வீட்டுக்காரம்மாவும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி அதிகம் இருப்பவர்கள் சாயங்காலம் வந்து படிக்கவும். வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் பெயர் எதுவும் போடாதே என்று சொல்லிவிட்டார். அதனால் அவர் குடும்பத்தில் யாருக்கும் இங்கே பெயர் கிடையாது. ரீகன் குடும்பத்துக்கு மட்டும் உண்டு.

பாஸ்டன் பக்கம் ஒரு பழைய மரவீட்டின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரம்மா. எழுபத்தெட்டு வயது, தனியாக இருக்கிறார். "கம்ப்யூட்டர் படிக்கிற பையன்" என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பிரிண்டர் ஓடலன்னா நான், டிவியில் சத்தம் வரலன்னா நான். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தீசிஸ் எழுத உட்கார்ந்த நேரமாகப் பார்த்து, ஒரு செருப்புப் பெட்டியோடு மேலே ஏறி வந்தார். பெட்டிக்குள் இரண்டு போட்டோ, ஒரு ஜெபமாலை, ஒரு மரணச் சான்றிதழ் நகல்.

"எங்க பாட்டியோட அப்பா அம்மா. அயர்லாந்துல எந்த ஊருன்னு தெரியணும். கண்டுபிடிச்சுத் தருவியா?"

வாடகையில் ஏதாவது குறைப்பாரோ என்று ஒரு நப்பாசையில் தலையாட்டினேன். குறைக்கவில்லை. அவர் கையால் சுட்ட சோடா ரொட்டி வாராவாரம் வந்தது. தீசிஸ் மூன்று வாரம் அப்படியே கிடந்தது.

சான்றிதழில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் "அயர்லாந்து" என்று ஒரே வார்த்தை. "எங்க வீட்டுல கார்க்னு சொல்லுவாங்க" என்றார். சரி, கார்க் மாவட்டத்தில் தேட வேண்டியதுதானே என்று நேராக அயர்லாந்துப் பதிவேடுகளில் குதித்தேன். அதே பெயரில் நூற்றுக்கணக்கான பேர். இரண்டு நாளில் கண்ணு பூத்துப்போச்சு.

அப்போதுதான் ரொனால்ட் ரீகன் கதையைத் தேடிப் படித்தேன். அரசியலுக்காக இல்லை (அந்த ஆளைப் பற்றித் தனியாக ஒரு சண்டை போடலாம், இங்கே வேண்டாம்). தன் பூர்வீகம் எதுவென்றே தெரியாமல் ஜனாதிபதி ஆனவர் அவர். அவருடைய அப்பா ஜாக், 1883இல் இல்லினாய் மாநிலத்தில் ஃபுல்டன் என்ற ஊரில் பிறந்தவர். ஆறு வயது ஆவதற்குள் அம்மா, அப்பா இருவரையும் காசநோய்க்குப் பறிகொடுத்தார். அத்தை மார்கரெட்தான் வளர்த்தார். கதை சொல்ல வேண்டியவர்கள் முன்னாலேயே போய்விட்டால் கதையும் போய்விடுகிறது. அவ்வளவுதான், ஒரே தலைமுறையில் சங்கிலி அறுந்தது.

அதை ஒட்டவைத்தது காகிதங்கள். 1980, 81 வாக்கில் பர்க்ஸ் பியரேஜ்காரர்கள், அதாவது பிரபுக்களின் வம்சாவளி போடுகிறவர்கள், இந்தச் சோப்புத் தொழிலாளி குடும்பத்தின் வம்சாவளியைப் போட்டார்கள். ஆமாம், சோப்புதான். ரீகனின் கொள்ளுத்தாத்தா மைக்கேல், லண்டனில் பெக்கம் பகுதியில் சோப்பு செய்கிற வேலையில் இருந்தவர். அங்கேதான் கேத்தரின் முல்காஹியைக் கல்யாணம் செய்தார். 1852ஆம் ஆண்டு அக்டோபர் 31, சதக்கில் உள்ள புனித ஜார்ஜ் கத்தோலிக்கக் கோயில். பிள்ளைகள் அங்கே பிறந்தார்கள். ஜாக்கின் அப்பா ஜான் பிறந்தது 1854இல். அப்புறம்தான் கனடா வழியாக இல்லினாய், காரல் மாவட்டத்தில் விவசாயம்.

இதை ஒரு துப்பறியும் கதை மாதிரி பின்னாலிருந்து படித்துப் பாருங்கள். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1850 முதல் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரும் பிறந்த இடமும் உண்டு. அப்பா அம்மாவுக்கு நேராக அயர்லாந்து. மூத்த பிள்ளைகளுக்கு நேராக இங்கிலாந்து. ஆக நடுவில் சில வருஷம் இங்கிலாந்தில் இருந்திருக்கிறார்கள். இங்கிலாந்துத் திருமணப் பதிவில் மணமக்கள் இருவருடைய அப்பா பெயரும் தொழிலும் எழுதியாக வேண்டும். அப்பா பெயர் கிடைத்தால்தான் அயர்லாந்தில் உள்ள ஆயிரம் மைக்கேல்களில் எந்த மைக்கேல் என்று கேட்க முடியும். இந்த மைக்கேலின் அப்பா தாமஸ், அம்மா மார்கரெட் மர்ஃபி. டிப்பரரி மாவட்டத்தில் பாலிபொரீன் என்ற சின்ன ஊரின் பங்குக் கோயில் பதிவேட்டில், 1829இல், மைக்கேலின் ஞானஸ்நானம். கால்டி மலைக்கும் நாக்மீல்டவுன் மலைக்கும் நடுவில் இருக்கிற ஊர். ஊர்ப்பெயருக்கே பொடி உருளைக்கிழங்குத் துறை என்று ஒரு பொருள் சொல்கிறார்கள். உருளைக்கிழங்கு அழுகித்தான் ஊரே காலியானது என்பதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது. 1841இல் அயர்லாந்தின் மக்கள்தொகை சுமார் 82 லட்சம். 1845இல் கிழங்கில் நோய் விழுந்தது. 1851இல் எண்ணியபோது சுமார் 65 லட்சம்தான் இருந்தார்கள். ஏறத்தாழ பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கு மேலும் கப்பல் ஏறினார்கள்.

ஊரில் அந்தக் குடும்பத்தின் பெயர் எழுத்து வேறு. ரீகன் என்று நாம் எழுதும் பெயரில் ஆங்கிலத்தில் ஓர் 'ஏ' உண்டு இல்லையா, பாலிபொரீனில் அது கிடையாது. லண்டன் கல்யாணத்தை ஒட்டித்தான் அந்த எழுத்து உள்ளே வருகிறது. எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் குடும்பத்தையே தவறவிட்டுவிடுவோம். எனக்கு இது உடனே புரிந்தது. பாஸ்போர்ட்டில் என் பெயர் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி. இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதால் இங்கே வகுப்பில் எல்லாரும் என்னை எங்க அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நூறு வருஷம் கழித்து என்னைத் தேடுகிறவன் பாடு திண்டாட்டம்தான்.

1984 ஜூன் 3ஆம் தேதி ரீகன் அந்த ஊருக்கே போனார். அவருடைய மத்திய அமெரிக்கக் கொள்கையை எதிர்த்து அயர்லாந்தில் ஊர்வலங்கள் நடந்துகொண்டிருந்த சமயம். ஊர்க்காரர்கள் ஏற்கெனவே ஒரு மதுக்கடைக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். (பிற்காலத்தில் அந்தக் கடையின் உள்புறத்தையே பெயர்த்துக் கொண்டுபோய்க் கலிஃபோர்னியாவில் ரீகன் நூலகத்தில் வைத்துவிட்டார்கள். ஊரைவிட்டுப் போனவன் பெயரில் இருந்த கடையும் ஊரைவிட்டுப் போச்சு.) தன் ஆட்கள் அந்த மண்ணில் ஏழைகளுக்கான அடையாளமில்லாத குழிகளில் கிடக்கிறார்கள் என்று அன்றைய பேச்சில் சொன்னார்.

இன்னொன்றும் எனக்குப் பிடித்திருந்தது. அயர்லாந்துக்காரர்களிடம் பெயர் வைப்பதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர், பெண்பிள்ளைகளுக்கு அதே மாதிரி பாட்டிகள் பெயர். எல்லாரும் கடைப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது, ஆனால் தேடுகிறவனுக்கு நல்ல துப்பு. இதை வீட்டுக்காரம்மா எனக்கு விளக்க ஆரம்பித்தபோது, எங்க பாஷையில் பேரன் என்ற சொல்லே அதுதான் என்றேன். பெயரன், பெயரைச் சுமக்கிறவன். ஜாக்கை வளர்த்த அத்தை மார்கரெட்டை நினைத்துப் பாருங்கள். லண்டனில் போய்ப் பிள்ளை பெற்றபோதும் மைக்கேல் ஊரில் இருந்த தன் அம்மா பெயரை ஒரு மகளுக்கு வைத்திருக்கிறார்.

சரி, மேட்டருக்கு வருவோம். ரீகன் கதையில் நான் கற்றது, அயர்லாந்தில் ஆரம்பிக்கக் கூடாது, இங்கே ஆரம்பித்துப் பின்னால் போக வேண்டும். முதலில் 1900ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பு. (1890இல் எடுத்தது 1921இல் வாஷிங்டன் தீவிபத்தில் ஏறக்குறைய முழுசும் போச்சு.) 1900இல் ஒவ்வொருவரும் எந்த வருஷம் அமெரிக்கா வந்தார் என்று கேட்டிருக்கிறார்கள். கணவர் வந்தது 1884, மனைவி 1885. பெண்களிடம் இன்னொரு கேள்வி: எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை உயிரோடு இருக்கிறது. பெற்றது ஏழு, இருப்பது நாலு. வீட்டுக்காரம்மாவுக்கு அந்த நாலும் தெரியும். மற்ற மூன்றைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லையாம்.

1888இல் பாஸ்டனில் கல்யாணம். மாசசூசெட்ஸில் 1841 முதலே பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் மாநில அளவில் பதிவாகிறது, மணமக்களின் பெற்றோர் பெயர் உட்பட. 1909இல் கணவர் இறந்தார், துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது அடிபட்டு. வீட்டில் இருந்த நகலில் பாதிதான் தெரிந்தது. ஆவணக்காப்பகப் பிரதியில் அவருடைய அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் தெளிவாக இருந்தது, கொஞ்சம் எழுத்துப் பிழையோடு. சொன்னது மனைவியாகத்தான் இருக்கும். பார்த்தே இராத மாமியாரின் பெயரை, புருஷன் செத்த வீட்டில் யாரோ கேட்க, சொல்லியிருக்கிறாள். பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பெயரைப் போட்டதும் கார்க் கதை உடைந்தது. கார்க் மாவட்டத்தில் இருப்பது குவீன்ஸ்டவுன் துறைமுகம், இன்றைக்கு கோவ் என்று பெயர். லிவர்பூலிலிருந்து பாஸ்டன் வந்த கப்பல்கள் அங்கே நின்று ஆள் ஏற்றும். "கார்க்கிலிருந்து வந்தோம்" என்று பெரியவர் சொன்னது கப்பல் ஏறிய இடத்தை. கேட்ட பிள்ளைகள் அதையே ஊராக்கிவிட்டார்கள். மெட்ராஸில் விமானம் ஏறியவனை மெட்ராஸ்காரன் என்பது மாதிரிதான்.

அயர்லாந்துப் பக்கம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று ஒரு வார்த்தை. 1922 ஜூன் 30, உள்நாட்டுப் போர். டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தோடு சேர்ந்து பொது ஆவணக்காப்பகமும் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகள் பெரும்பாலும் சாம்பல். எரியாமல் மிஞ்சியிருக்க வேண்டியவற்றையும் அரசாங்கமே பார்த்துக்கொண்டது. 1861, 1871 தாள்களை எண்ணி முடித்ததும் அழித்தார்கள், 1881, 1891 தாள்களை முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கினார்கள். ஆனால் கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்ததால் தப்பித்தன. ரீகனின் கொள்ளுத்தாத்தா தப்பித்ததும் அப்படித்தான். பின்னாளில் தேசிய நூலகம் அவற்றைப் படச்சுருளில் பிடித்து 2015இல் இணையத்தில் போட்டது. அதில் பாதி லத்தீன். ஜேம்ஸ் யாக்கோபுஸ் ஆகியிருப்பார், வில்லியம் குலியெல்முஸ் ஆகியிருப்பார். ஆனால் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரையும் எழுதினார்கள் பாருங்கள், அந்தப் பாதிரியார்களுக்குக் கோயிலே கட்டலாம். (ஏற்கெனவே இருக்கிறது.)

1864 முதல் அரசுப் பதிவும் இருக்கிறது. எங்கள் ஆள் 1866. கிளேர் மாவட்டத்தின் மேற்கே, கில்ரஷ் பக்கம், அந்த வருஷம் அதே பெயரில் இரண்டு குழந்தைகள். இரண்டு பேருக்கும் அப்பா பெயரும் ஒன்று! எங்க ஊரில் இப்படி இருந்தால் பட்டப்பெயர் வைத்துப் பிரித்துவிடுவோம். அங்கேயும் வைத்திருப்பார்கள், பதிவேட்டில் எழுதவில்லை. அம்மாவின் பெயர் வேறுதான், ஆனால் கிறுக்கலில் எது எது என்று சத்தியம் பண்ண முடியவில்லை. ஒரு வாரம் முட்டிக்கொண்டேன். கடைசியில் இறப்புப் பதிவேட்டைப் புரட்டினால், இரண்டில் ஒரு குழந்தை பதினோரு மாசத்தில் போய்விட்டது. 1867. மிச்சம் ஒருவர்தான். செத்த பிள்ளையைப் பார்த்து "அப்பாடா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நல்லாயில்லை.

மனைவியைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. அவளுடைய அம்மாவின் குடும்பப் பெயர் அந்தப் பக்கத்தில் அபூர்வம். பிறந்தது அதே கில்ரஷ் பதிவு வட்டத்தில், கணவர் ஊருக்கு ஐந்து மைல். அங்கேயே பழக்கமா, பாஸ்டனில் சந்தித்தார்களா என்பதற்கு எந்தக் கட்டமும் கிடையாது. ஒரு வருஷம் முன்னால் ஒருவன் வந்து, அடுத்த வருஷம் ஒருத்தி வந்திருக்கிறாள் என்றதும் வீட்டுக்காரம்மா சிரித்தார். டிக்கெட் அனுப்பியிருப்பான் என்பது அவர் கட்சி. அந்தக் காலத்தில் முன்னால் வந்தவர்கள் ஊரில் இருப்பவர்களுக்கு டிக்கெட் எடுத்து அனுப்புவது சர்வசாதாரணம் என்பதால் நானும் மறுக்கவில்லை.

இனி அயர்லாந்தின் 1901, 1911 கணக்கெடுப்புகள். முழுசாக மிஞ்சிய பழைய கணக்கெடுப்புகள் இவை இரண்டும்தான். வீடு வீடாகப் போலீஸ்காரர்கள் கொடுத்து வாங்கிய அந்தத் தாளையே ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். 1901இல் கிழவி இருக்கிறாள். விதவை, வயது 58, எழுதப் படிக்கத் தெரியாது, ஐரிஷும் ஆங்கிலமும் பேசுவாள். வீட்டுத் தலைவன் இளைய மகன்.

1911இல் வயது 72! பத்து வருஷத்தில் பதினாலு வயது ஏறிவிட்டது. என் கணக்குத்தான் தப்போ என்று பார்த்தால், இதற்குப் பின்னால் ஒரு கதை. 1908இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. எழுபது நிரம்பினால் வாரம் ஐந்து ஷில்லிங் வரை. 1864க்கு முன்னால் பிறந்த கத்தோலிக்கர்களுக்கு அரசுப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அயர்லாந்து முழுக்கக் கிழவன் கிழவிகளுக்கு ஒரே ராத்திரியில் வயசாகிவிட்டது. ஜூன் மாசத்தில் பிறந்த நாள் வைத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்பட்ட அப்பாக்களின் பிள்ளைகளான நாம் இதற்குக் கோபப்படவே முடியாது.

அந்த 1911 தாளில் இன்னொரு பகுதி இருக்கிறது. கல்யாணமான பெண்களுக்கு மட்டும்: மொத்தம் பிறந்த பிள்ளைகள், இன்னும் உயிரோடு இருக்கிறவர்கள். விதவைகள் நிரப்ப வேண்டியதில்லை. ஆனால் நிறைய வீடுகளில் தெரியாமல் நிரப்பிவிட்டு, அப்புறம் கோடு போட்டு அடித்திருப்பார்கள். இங்கேயும் அப்படித்தான். கோட்டுக்கு அடியில் நன்றாகவே தெரிகிறது. பிறந்தது எட்டு. உயிரோடு ஆறு.

எட்டு சரி. ஒன்று கோயில் பதிவேட்டில், ஏழு அரசுப் பதிவேட்டில், எட்டையும் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தேன். அதில் இரண்டு சின்ன வயசிலேயே போனதும் பதிவில் இருக்கிறது. மிச்சம் ஆறு.

ஆனால் பாஸ்டன் மகன் 1909இல் செத்துவிட்டாரே. இந்தத் தாள் எழுதியது 1911 ஏப்ரலில். ஐந்து என்றுதானே இருக்க வேண்டும்?

முதலில் கடிதம் போய்ச் சேரவில்லையோ என்று நினைத்தேன். இரண்டு வருஷமாகவா? அதே பாஸ்டனில் ஒரு தங்கையும் இருந்திருக்கிறாள், இறுதிச் சடங்கு அறிவிப்பில் அவள் பெயர் இருக்கிறது. கடிதம் வந்திருந்தால் பிரித்துப் படித்திருக்கக் கூடியவன் வீட்டில் இருந்த மகன், அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்று அதே தாள் சொல்கிறது. தாளில் கையெழுத்துப் போட்டவனும் அவனேதான். அடுப்படியில் கிழவி உட்கார்ந்திருக்க, போலீஸ்காரர் வாசலில் நிற்க, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சத்தமாகக் கேட்டு எழுதியிருப்பான்.

இதை நான் இப்படிப் படிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கே வந்த முதல் செமஸ்டரில் எங்க தாத்தா போய்விட்டார். நவம்பர் கடைசி. எனக்குச் சொன்னது டிசம்பர் 19ஆம் தேதி, கடைசிப் பரீட்சை முடிந்த அன்று ராத்திரி. நடுவில் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியிருக்கிறேன். "தாத்தா எங்கேம்மா?" "தூங்குறாருடா." மூன்று வாரமும் அதே பதில், அதே குரல். அம்மா மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது.

அந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்து (பிரிண்டரை மறுபடியும் சரி செய்துவிட்டுத்தான்) கீழே கொண்டுபோனேன். ஊர்ப் பெயரைக் காட்டினேன், ஐந்து மைலைக் காட்டினேன். கார்க் இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு. எத்தனை வருஷமாகக் கார்க் கார்க் என்று சொல்லிக்கொண்டிருந்தார், பாவம். அப்புறம் அந்த அடித்த கட்டத்தைக் காட்டி, எட்டு, ஆறு, 1909 என்று கணக்கைச் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார்.

"இதை எழுதினது யாரு, அந்தம்மாவா?"

"இல்லை. அவங்களுக்கு எழுதத் தெரியாது. கூட இருந்த பையன்."

"அப்ப அவனுக்குத் தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தபால்காரனையும் சேர்த்துல்ல சமாளிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்து போனார்.

கிழவியின் இறப்புப் பதிவையும் எடுத்துவிட்டேன். 1914, அதே வீடு. இறக்கும்போது கூட இருந்தவர் என்ற கட்டத்தில் இருப்பது அந்த இளைய மகன் பெயர்தான்.